சமயப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு கணிதப் பேராசிரியர்: நியமனம் எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது

1939-ஆம் ஆண்டின் வசந்தப் பருவத்தில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் தர்க்கவியல் அறிமுக வகுப்பு ஒன்றை இருவர் சேர்ந்து நடத்தினார்கள். ஒருவர் 1937-ல் வியன்னாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த கணிதவியலாளர் கார்ல் மெங்கர். மற்றவர் அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் அழைக்கப்பட்டிருந்த குர்ட் கோடெல். முழுமையின்மைத் தேற்றத்தை 1931-லேயே வெளியிட்டு, உலகின் முதல்வரிசைத் தர்க்கவியலாளர் என்று அறியப்பட்டிருந்தவர் அவர். நோட்டர் டேம், திருச்சிலுவைச் சபைத் துறவியர் 1842-ல் தொடங்கிய கத்தோலிக்க நிறுவனம். கோடெல் கத்தோலிக்கர் அல்லர். லூத்தரன் முறையில் திருமுழுக்குப் பெற்றவர். அது யாருக்கும் தடையாக இருக்கவில்லை.

அதற்கு ஓராண்டு முன்னால், 1937-38-ல், கணிதவியலாளர் எமில் ஆர்டின் அங்கே இருந்தார். அவருடைய மனைவியின் தந்தை யூதர் என்பதால் நாஜி அரசு ஹாம்பர்க் பல்கலைக்கழகப் பணியிலிருந்து அவரை வெளியேற்றியிருந்தது. நோட்டர் டேமின் அன்றைய தலைவரும் குருவுமான ஜான் ஓஹாரா அவருக்கு ஓராண்டு இடம் கொடுத்தார். இயற்கணிதத்தின் ஒரு பிரிவான கால்வா கோட்பாட்டைப் பற்றி ஆர்டின் அங்கே ஆற்றிய விரிவுரைகள் 1942-ல் நோட்டர் டேமின் கணித விரிவுரை வரிசையில் சிறு நூலாக வந்தன. இன்று உலகெங்கும் அந்தப் பாடம் கற்பிக்கப்படும் முறைக்கு அந்த நூல்தான் அடித்தளம். ஆனால் ஆர்டின் தங்கவில்லை. 1938-லேயே இண்டியானா பல்கலைக்கழகம் நிரந்தரப் பணி தர, அங்கே போய்விட்டார்.

சமயப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியர் பணியால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது இந்த இரண்டு நியமனங்களிலேயே தெரிகிறது. தன் சமயத்தைச் சேராத, நிரந்தரமாக ஒருபோதும் வந்திருக்க மாட்டாத பெரிய கணிதவியலாளரைக்கூட ஒரு பருவத்துக்கோ ஓராண்டுக்கோ அழைத்துவர முடியும். நிரந்தரப் பணிக்கு விதிக்கும் சமய நிபந்தனைகளைத் தற்காலிகப் பணிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தளர்த்துகின்றன. எதைத் தளர்த்துகிறோம், எதைத் தளர்த்தவில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்காததால்தான் நியமனங்கள் கெடுகின்றன. நிபந்தனை கடுமையாக இருப்பதால் கெடுவது அரிது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பாரிஸில் எலி கார்ட்டானிடம் முனைவர் பட்டம் பெற்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி சார்ல் ராசின் 1937-ல் இந்தியா வந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் பிறகு சென்னை லயோலா கல்லூரியிலும் கற்பித்தார். அவர் சம்பள ஒப்பந்தத்தில் வந்தவர் அல்லர், சபை உறுப்பினர். ஆனாலும் அவரிடம் படித்த சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் கிறித்தவர்கள் அல்லர். இருவரும் 1953-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய், 1965-ல் தங்கள் பெயர் தாங்கிய தேற்றத்தை வெளியிட்டார்கள். சமய நிறுவனம் நடத்தும் கணித வகுப்பின் பலன் அந்தச் சமயத்தின் எல்லைக்குள் நிற்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குத் தேவையில்லை.

இனி இன்றைய நடைமுறை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து. சமயப் பல்கலைக்கழகங்கள் அங்கே எண்ணிக்கையிலும் வகையிலும் அதிகம். விதிகளும் எழுத்தில் இருக்கின்றன.

ஒரே பெயரில் மூன்று பணிகள்

"வருகைதரு" என்ற ஒரே சொல்லின் கீழ் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, ஆய்வு விடுப்பில் போகும் பேராசிரியரின் வகுப்புகளை எடுக்க வருபவர். பெரும்பாலும் அண்மையில் முனைவர் பட்டம் பெற்றவர், ஓராண்டு ஒப்பந்தம், புதுப்பித்தால் அதிகபட்சம் மூன்றாண்டு. பருவத்துக்கு மூன்று பாடம் என்பது சாதாரணம். வாரத்துக்கு ஒன்பது வகுப்பு மணி நேரம், அதற்கு மேல் மாணவர் சந்திப்பு நேரமும் விடைத்தாளும். நுண்கணிதம் முதலிரண்டு பாடங்கள், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் அறிமுகம் ஆகியவைதான் கையில் விழும்.

இரண்டாவது, ஆய்வை முன்னிட்டு வரும் முதுமுனைவர், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடம்தான். துறையில் உள்ள ஒரு பேராசிரியரோடு ஆய்வு ஒத்துப்போகிறதா என்பதுதான் தேர்வின் மையம். மூன்றாவது, வேறிடத்தில் நிரந்தரப் பணியில் இருந்துகொண்டு தன் ஆய்வு விடுப்பை இங்கே கழிக்க வரும் மூத்தவர். அவருக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் பாதிச் சம்பளம் தருவது வழக்கம். மீதியை அழைக்கும் துறை ஈடுகட்டும். அவர் ஒரு மேல்நிலைப் பாடம் எடுப்பார், கருத்தரங்கில் பேசுவார்.

சமய நிபந்தனை இந்த மூவருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. மூத்தவருக்கு நடத்தை விதிகளைத் தெரிவித்தால் போதும் என்று நினைக்கும் துறைத் தலைவர்கள் உண்டு. நிர்வாகம் அப்படி நினைக்காமல் போகலாம். அழைப்புக் கடிதம் போன பிறகு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்று மனிதவளப் பிரிவு கேட்டால் அந்த மூத்தவர் மரியாதையாக விலகிவிடுவார். ஆகவே துறைத் தலைவர் முதலில் செய்ய வேண்டியது, இந்த மூன்றில் எதற்கு எந்த ஒப்புதல் வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது.

சட்டம் எதை அனுமதிக்கிறது

அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், வேலையில் சமய அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. சமய நிறுவனங்களுக்கு அதே சட்டத்தில் விலக்கும் இருக்கிறது. 1972-ல் வந்த திருத்தம் அந்த விலக்கைச் சமயப் பணிகளோடு நிறுத்தாமல் நிறுவனத்தின் எல்லாப் பணிகளுக்கும் விரித்தது. சமய அமைப்புக்குச் சொந்தமான கல்வி நிறுவனங்களுக்கு இன்னொரு பிரிவும் தனியாகத் துணை நிற்கிறது. 1987-ல் உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கு ஒன்றில், பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மார்மன் சபை, சால்ட் லேக் நகரில் நடத்திய உடற்பயிற்சிக்கூடத்தின் கட்டடப் பராமரிப்பாளர், கோயில் அனுமதிச் சீட்டு (சபை விதிப்படி வாழும் உறுப்பினருக்குச் சபை தரும் சான்று) இல்லாததால் வேலை இழந்திருந்தார். விலக்கு செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பராமரிப்பாளருக்கே அது பொருந்துமென்றால் கணிதப் பேராசிரியருக்கும் பொருந்தும்.

ஆனால் விலக்கு சமயத்துக்கு மட்டும்தான். இனம், பால், பிறந்த நாடு ஆகிய காரணங்களால் ஒருவரை ஒதுக்க இது இடம் தராது. "எங்கள் சமூகத்தோடு ஒட்டமாட்டார்" என்ற வாசகம் தேர்வுக் குழுவின் குறிப்பில் இருந்தால், அது எந்த ஒட்டாமையைச் சொல்கிறது என்று பிறகு விளக்க வேண்டி வரும். எழுதாமல் இருப்பது நல்லது. அந்த எண்ணத்தில் முடிவெடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

இன்னொரு விலக்கோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். "சமயப் பணியாளர்" என்று வகைப்படும் ஆசிரியர்களின் வழக்குகளில் நீதிமன்றங்கள் தலையிடுவதே இல்லை. 2012, 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இதை உறுதி செய்தன. கணிதம் கற்பிப்பவரை அந்த வகையில் சேர்ப்பது கடினம். சமூகப் பணித் துறைப் பேராசிரியர் ஒருவர் சமயப் பணியாளர் ஆகமாட்டார் என்று மாசசூசெட்ஸ் உயர்மட்ட நீதிமன்றம் 2021-ல் கார்டன் கல்லூரி வழக்கில் சொல்லிவிட்டது.

விளம்பரத்தில் என்ன எழுத வேண்டும்

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கத்தின் 1940-ஆம் ஆண்டு அறிக்கை ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறது: சமய நோக்கத்தால் கல்விச் சுதந்திரத்துக்கு வரம்பு உண்டென்றால், நியமனத்தின்போதே அதை எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது நம் கருத்து. "எங்கள் நோக்கத்தில் அக்கறை உள்ளவர்களை வரவேற்கிறோம்" என்ற வரி எதையும் சொல்வதில்லை. அதைப் படிக்கும் இந்து, முஸ்லிம், நாத்திக விண்ணப்பதாரர்கள் மூவரும் மூன்று விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

சொல்ல வேண்டியவை ஐந்து. சபை உறுப்பினராக இருந்தாக வேண்டுமா, அல்லது உறுப்பினர்களுக்கு முன்னுரிமை மட்டுமா? நம்பிக்கை அறிக்கையில் கையெழுத்திட வேண்டுமா, நடத்தை விதிகளில் மட்டும் போதுமா? அந்த விதிகள் வளாகத்துக்கு வெளியே, சொந்த வீட்டிலும் பொருந்துமா? உடன் வரும் துணைக்கும் பொருந்துமா? சமய ஒப்புதலை யார் தருகிறார்கள், எத்தனை வாரம் ஆகும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் விடைகள் மிகவும் மாறும். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இரண்டாம் ஜான் பால் 1990-ல் வெளியிட்ட விதித்தொகுப்பு, கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மை ஆகிவிடக் கூடாது என்று மொத்த எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசுகிறது. தனி ஆள் ஒவ்வொருவரின் நம்பிக்கையையும் அது அளக்கச் சொல்லவில்லை. நோட்டர் டேம் போன்ற இடங்களில் வேறு சமயத்துக் கணிதவியலாளர்கள் இயல்பாகப் பணியாற்றுவது இதனால்தான். இலினாய் மாநிலத்தின் வீட்டன் கல்லூரியில் நிலைமை வேறு. அங்கே ஆசிரியர்கள் நம்பிக்கை அறிக்கையை ஆண்டுதோறும் உறுதிப்படுத்த வேண்டும். மெய்யியல் பேராசிரியர் ஒருவர் கத்தோலிக்கராக மாறியபோது, அதே அறிக்கையில் கையெழுத்திட அவர் தயாராக இருந்தும் கல்லூரி அவரை வைத்துக்கொள்ளவில்லை. வாசகம் ஒன்று, அதற்கு நிர்வாகம் கொள்ளும் பொருள் ஒன்று என்று ஆகும்போது விண்ணப்பதாரருக்கு வாசகம் மட்டும் போதாது. அந்தப் பொருளையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். நிபந்தனைகளை மிக வெளிப்படையாக எழுதிவைத்திருக்கும் இடங்களில் அது ஒன்று. மார்மன் சபைக்குச் சொந்தமானது. 1875-ல் பள்ளியாகத் தொடங்கி 1903-ல் பல்கலைக்கழகம் ஆனது. முனைவர் பட்டம் வரை கணிதம் உண்டு. சபை உறுப்பினர்களுக்கு முன்னுரிமை என்று விளம்பரத்திலேயே இருக்கும். 2022 ஜனவரி முதல், புதிதாகச் சேரும் உறுப்பினர்கள் கோயில் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். முழுநேர நிரந்தர ஆசிரியர் பணிக்குச் சபையின் உயர்நிலைத் தலைவர் ஒருவர் நேர்காணல் செய்வார், அறங்காவலர் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

உறுப்பினர் அல்லாதவருக்கு அனுமதிச் சீட்டு கேட்கமாட்டார்கள். ஆனால் நன்னடத்தை நெறி அவருக்கும் உண்டு. மது, புகையிலை மட்டுமல்ல, தேநீரும் காபியும் கூடாது. திருமணத்துக்கு வெளியே பாலுறவு கூடாது. ஆண்கள் தாடி வளர்க்கக் கூடாது. சமயக் காரணத்துக்கோ மருத்துவக் காரணத்துக்கோ விலக்கு கேட்கலாம், சமய விலக்கு உண்டு என்பதை 2015-ல் பல்கலைக்கழகம் தெளிவுபடுத்தியது. காலையில் ஃபில்டர் காபி இல்லாமல் சுவர்ப்பலகை முன் நிற்க முடியாதவர் இதை நேர்காணலுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இது சின்ன விஷயம் அல்ல. ஓராண்டு முழுக்க, தினமும் காலையில் எதிர்ப்படுகிற நிபந்தனை இது. அதை மறைத்து வைத்து மீறுபவர், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீறுகிறார்.

இவ்வளவு எழுதிவைத்தும் சச்சரவு வராமல் இல்லை. எந்தப் பேச்சும் எழுத்தும் சபைக்குத் தீங்கு என்ற கேள்வியில் கல்விச் சுதந்திரம் போதிய அளவு காக்கப்படவில்லை என்று சொல்லி, மேற்சொன்ன பேராசிரியர்கள் சங்கம் 1998-ல் பிரிகம் யங்கைக் கண்டனப் பட்டியலில் சேர்த்தது. கணிதத்துக்கு இது அவ்வளவாக உறைக்காது. இயற்கணித எண் கோட்பாட்டில் சபைக்கு மாறான கருத்து என்று எதுவும் இல்லை. வகுப்புக்கு வெளியே பேசுவதும் எழுதுவதும்தான் கவனிக்க வேண்டியவை.

நாட்காட்டி

கணிதத்தில் ஆள் எடுப்பது ஒரு தனி நாட்காட்டியில் நடக்கிறது. விண்ணப்பங்கள் ஏறத்தாழ எல்லாமே அமெரிக்கக் கணிதச் சங்கம் நடத்தும் மேத்ஜாப்ஸ் தளத்தின் வழியாகத்தான் போகும். முகப்புப் படிவம், தன்விவரம், வெளியீட்டுப் பட்டியல், ஆய்வு அறிக்கை, கற்பித்தல் அறிக்கை, மூன்று நான்கு பரிந்துரைக் கடிதங்கள். அவற்றில் ஒன்றாவது கற்பித்தலைப் பற்றியதாக இருக்க வேண்டும். சமய நிறுவனங்கள் பல, நிறுவன நோக்கத்துக்கு எப்படிப் பங்களிப்பீர்கள் என்று ஒரு பக்க அறிக்கையையும் கேட்கும். ஆய்வு முதுமுனைவர் பணிகளுக்கு நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை கடைசித் தேதி. பிப்ரவரித் தொடக்கத்தை ஒட்டிய ஒரு குறிப்பிட்ட திங்கள்வரை முதுமுனைவர் பணிக்குப் பதில் சொல்லுமாறு யாரையும் நெருக்கக் கூடாது என்று பல துறைகள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. விடுப்புக்கு மாற்றாக வருபவரின் விளம்பரமோ, விடுப்பு உறுதியான பிறகே, ஜனவரி முதல் ஏப்ரல் வரை வரும்.

பிப்ரவரிக்குப் பிறகு சந்தை வேகமாக நகரும். வாய்ப்பு கையில் வந்தவருக்கு யோசிக்க ஒன்றிரண்டு வாரம்தான் கிடைக்கும். கணிதக் குழு ஆளைத் தேர்ந்து, கல்விப்புல முதல்வருக்கு அனுப்பி, அவர் சமய ஒப்புதலுக்கு அனுப்பி, அந்த அலுவலகம் நேரம் குறித்துப் பேசி முடிக்கும்போது, தேர்வான ஆள் வேறிடத்தில் கையெழுத்திட்டிருப்பார். அதற்குள் இரண்டாமவரும் மூன்றாமவரும் போய்விட்டிருப்பார்கள். கடைசியில் மே மாதம் கிடைத்தவரை எடுப்பார்கள்.

இதற்குத் தீர்வு எளிது. குறும்பட்டியல் தயாரானதுமே, வரிசைப்படுத்தும் முன்பே, மூன்று நான்கு பேருக்கும் சமய ஒப்புதலைத் தொடங்கிவிட வேண்டும். அதோடு இரண்டு நேர்காணல்களையும் பிரித்துவிட வேண்டும். கணிதக் குழுவில் இருப்பவர் விண்ணப்பதாரரின் வழிபாட்டைப் பற்றிக் கேட்கவே கூடாது. அதற்கென்று பொறுப்பானவர் கேட்கட்டும். பரிந்துரைக் கடிதம் எழுதும் வெளியாட்களிடம் விண்ணப்பதாரரின் சமயத்தைப் பற்றி விசாரிப்பது மிகத் தவறு. பல கணிதவியலாளர்கள் அப்படி ஒரு கேள்வி வந்தால் கடிதத்தையே திரும்பப் பெறுவார்கள்.

விசா: அதிகம் தவறு நடக்கும் இடம்

சமய நிறுவனம் என்பதால் சமயப் பணியாளருக்கான ஆர்-1 விசாவில் அழைத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. அது சமயத் தொழில் செய்பவருக்கு. வகையீடுகளைக் கற்பிப்பவர் எந்தச் சபையில் இருந்தாலும் அதில் வரமாட்டார்.

ஒரு வார விரிவுரை என்றால் குறுகியகால அலுவல் வருகைக்கான பி-1 விசா போதும். ஒரே நிறுவனத்தில் ஒன்பது நாளுக்கு மேற்படாமல், ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேற்படாமல் மதிப்பூதியம் வாங்கலாம் என்று 1998-ல் இருந்தே சட்டம் இருக்கிறது. அதைத் தாண்டினால், பரிமாற்றத் திட்டத்தில் வருபவருக்கான ஜே-1 விசா. பல்கலைக்கழகத்தின் பொறுப்பு அலுவலர் டி.எஸ்.-2019 படிவம் தருவார். வருபவர் 220 டாலர் பதிவுக் கட்டணம் கட்டி, விசாவுக்கு விண்ணப்பித்து, தூதரக நேர்காணலுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் சென்னைத் துணைத் தூதரகத்துக்கு. படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. மருத்துவக் காப்பீடு கட்டாயம்: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவ வெளியேற்றத்துக்கு 50,000, உடலைத் தாயகம் அனுப்ப 25,000, தன் கையிலிருந்து கட்டும் பகுதி 500 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் ஊழியர் காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றமும் உடலைத் தாயகம் அனுப்புவதும் பெரும்பாலும் இருக்காது. தனியாக வாங்க வேண்டும்.

ஜே-1-க்குள் எந்த வகை என்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. "பேராசிரியர்" வகையில் ஐந்தாண்டு வரை இருக்கலாம். ஆனால் நான்கு மாதம் இருந்துவிட்டுத் திட்டத்தை முடித்துக்கொண்டு போனால், மிச்ச ஆண்டுகள் போய்விடும். அடுத்த 24 மாதம் அதே வகையில் திரும்ப வர முடியாது. ஒரு பருவத்துக்கு மட்டும் வருபவரைக் "குறுகியகால அறிஞர்" வகையில் அழைக்க வேண்டும். ஆறு மாதம்தான் உச்சம், நீட்டிக்க முடியாது; 24 மாதத் தடையும் கிடையாது. ஒற்றைப் பருவத்துக்குப் பேராசிரியர் வகையில் படிவம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு வேறொரு பல்கலைக்கழகம் தந்த நல்ல வாய்ப்பை அந்த மனிதர் இழக்கும்படி செய்வது அலுவலகத்தின் ஒரே ஒரு தவறான தேர்வுதான். வருபவரும் படிவத்தில் வகையைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டணம் கட்ட வேண்டும்.

ஜே-1-ல் வந்தவர் திட்டம் முடிந்ததும் இரண்டாண்டு தாயகத்தில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றிய பழைய அச்சம் இந்தியர்களுக்குக் குறைந்துவிட்டது. எந்த நாட்டுக்கு எந்தத் திறனாளர்கள் திரும்பத் தேவை என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் திறன்பட்டியலிலிருந்து இந்தியா 2024 டிசம்பரில் நீக்கப்பட்டது. அரசு நிதியில் வந்தால் மட்டும் அந்த நிபந்தனை இன்னும் பொருந்தும். வேலைக்கான எச்-1பி விசாவில் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. இலாப நோக்கில்லாத, அங்கீகாரம் பெற்ற சமயப் பல்கலைக்கழகங்களும் இதில் அடங்கும். ஆனால் 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை, வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் கேட்கிறது. ஓராண்டு வருகைக்கு எந்தக் கணிதத் துறையும் அதைக் கட்டாது. ஜே-1 தான் வழி. துணைவருக்கும் அது நல்லது: துணைவருக்கான ஜே-2 விசாவில் அனுமதி வாங்கி வேலை செய்யலாம்.

இரண்டாண்டும் மூன்றாண்டும்

"ஓராண்டு; மூன்றாண்டு வரை புதுப்பிக்கலாம்" என்ற வாசகத்தில் இந்தியாவிலிருந்து வருபவருக்கு ஒரு வரிச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவின்படி, கற்பிக்கவோ ஆராயவோ வருபவரின் சம்பளத்துக்கு இரண்டாண்டு வரை அமெரிக்கக் கூட்டாட்சி வருமான வரி இல்லை. வருவதற்குச் சற்றுமுன் இந்தியாவில் வசித்தவராக இருக்க வேண்டும். இந்த விலக்கைக் கோரும் 8233 படிவத்தைச் சம்பளப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டும். தங்கல் இரண்டாண்டைத் தாண்டினால், இரு நாட்டு வரித்துறைகளும் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாத வரையில், முழுத் தங்கலுக்குமே அந்த விலக்கு போய்விடும். மூன்றாம் ஆண்டுப் புதுப்பிப்பு வரும்போது முந்தைய இரண்டாண்டு வரி மொத்தமாகத் தலையில் விழும். முதலிலிருந்தே மூன்றாண்டு என்று திட்டமிடுபவர் இந்த விலக்கைக் கோராமல் இருப்பதே பாதுகாப்பு.

ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஆகியவற்றுக்கான சம்பளப் பிடித்தங்கள் சேர்ந்து 7.65 விழுக்காடு. வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும் வரை ஜே-1 ஆசிரியருக்கு இது பிடிக்கப்படாது. அந்தக் காலம் நாட்காட்டி ஆண்டால் எண்ணப்படுகிறது: ஆகஸ்டில் வந்தாலும் அந்த ஆண்டு முழுசாக ஒன்று. அடுத்த ஆண்டு இரண்டு. அதற்கடுத்த ஜனவரியிலிருந்து தங்கிய நாட்கள் கணக்கில் சேரத் தொடங்கும். சம்பளப் பிரிவு இந்தப் பிடித்தத்தைப் பழக்கத்தில் செய்துவிடும். முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

வந்த பிறகு

கோடெல் நோட்டர் டேமில் அவ்வளவு மகிழ்ச்சியாக இல்லை. தங்கியிருந்த கட்டடத்தின் பொறுப்பாளரான பெரியவரோடு சாவி போன்ற விஷயங்களில் அவருக்கு உரசல் இருந்ததாக மெங்கர் பிற்காலத்தில் எழுதினார். வீடு, சாவி, அலுவலக அறை ஆகியவற்றைத் துறையிலேயே ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்து தரவேண்டும். சமயப் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு வேலை அவருக்கு உண்டு: வார ஒழுங்கைச் சொல்லித் தருவது. பிரிகம் யங்கில் செவ்வாய் காலை 11 மணியை ஒட்டி வளாகம் முழுவதும் வழிபாட்டுக் கூட்டத்துக்காக ஓய்ந்துவிடும். அப்போது கருத்தரங்கு வைக்கக் கூடாது. ஞாயிறு வளாகம் மூடியிருக்கும். சில வகுப்புகள் பிரார்த்தனையோடு தொடங்கும். வருகைதருபவர் தன் வகுப்பில் அதைச் செய்தாக வேண்டுமா, மாணவர் ஒருவரைச் செய்யச் சொன்னால் போதுமா, விட்டுவிடலாமா என்று முதல் வகுப்புக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். யூத நிறுவனங்களில் வெள்ளி பிற்பகல் இதே போல. குளிர்காலத்தில் ஓய்வுநாள் சீக்கிரம் தொடங்கிவிடும். வெள்ளி மூன்று மணிக்குத் தேர்வு வைத்தால் பாதிப் பேர் எழுந்து போவார்கள்.

கிறித்தவக் கல்லூரிகள் சில, நம்பிக்கையும் பாடமும் எப்படி இணைகின்றன என்று நிரந்தர ஆசிரியர்களை நீண்ட கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். ஓராண்டுக்கு வருபவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை என்றே நினைக்கிறோம். கணித வகுப்பில் அவர் கொடுக்க வேண்டியது ஒழுங்கான நிறுவலும் நேர்மையான மதிப்பெண்ணும். அதை அவர் கொடுத்தால் நிறுவனத்தின் நோக்கத்துக்கு எதிராக எதுவும் நடந்துவிடவில்லை.

கடைசியாக, அழைத்த துறைகள் அடிக்கடி மறக்கும் ஒரு கடமை. ஆகஸ்டில் வந்தவர் ஓராண்டு ஒப்பந்தக்காரர் என்றால், நவம்பர் நடுவில் அடுத்த வேலைக்கான விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்க வேண்டும். அவருடைய பழைய கற்பித்தல் கடிதம் முனைவர் பட்டக் காலத்தில் உதவி ஆசிரியராக இருந்ததைப் பற்றியது. அதற்கு மதிப்பு குறைவு. ஆகவே துறையின் மூத்தவர் ஒருவர் செப்டம்பர் கடைசியில் ஒரு வகுப்பிலும் அக்டோபர் நடுவில் இன்னொரு வகுப்பிலும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, இடைத்தேர்வுத் தாளையும் மாணவர் கருத்துகளையும் படித்து, நவம்பர் முதல் வாரத்துக்குள் கடிதத்தை மேத்ஜாப்ஸில் ஏற்றிவிட வேண்டும். அந்தக் கடிதத்தில் நன்னடத்தை நெறியைப் பற்றியோ வழிபாட்டில் கலந்துகொண்டதைப் பற்றியோ எழுத வேண்டியதில்லை. படிப்பவர் மாநிலப் பல்கலைக்கழகத்துத் தேர்வுக் குழுவில் இருக்கலாம். இவர் சார்பின் தொடர்ச்சி என்ற கருத்தை எப்படி விளக்கினார், தவறான விடை சொன்ன மாணவரிடம் அடுத்து என்ன கேட்டார், எத்தனை பேர் இரண்டாம் பாடத்துக்குப் போனார்கள் என்று எழுதினால் போதும்.